அயர்லாந்திலிருந்து வந்த கேள்விகள்

கடிதம் மொழிபெயர்க்கிறது சாதுவான வேலை என்று நினைத்துத்தான் நானும் திண்டிவனம் அலுவலகத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டில் ஒருவர் நம்ம ஊர் ஏழைக் குழந்தை ஒன்றின் படிப்புக்கும் குடும்பத்தின் மருந்துச் செலவுக்கும் உதவி செய்வார். வருஷத்துக்கு மூன்று நான்கு கடிதம் எழுதுவார். அதைத் தமிழாக்கிக் குழந்தையிடம் கொடுக்க வேண்டும். குழந்தை எழுதும் பதிலை இங்கிலீஷாக்கி அனுப்ப வேண்டும். வருஷத்துக்கு ஒரு போட்டோ. இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றுதான், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்களும் இப்போது நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை தருகிற இடம் ரொம்பக் குறைவு. அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "கடுதாசியில என்ன சொல்லியிருக்காங்கன்னு பார்க்காதீங்க. என்ன கேட்டிருக்காங்கன்னு பாருங்க." நல்ல யோசனை. அதைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். குழந்தையின் வீட்டு விலாசம் கேட்டவர், தனியாக போன் நம்பர் கேட்டவர், நீச்சல் உடையில் போட்டோ கேட்ட ஒருவர் என்று சிலரைக் கண்டுபிடித்து நிறுத்தியும் இருக்கிறேன். அதனால் என் மோப்பத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பவித்ரா என்று ஒரு பெண். திருவக்கரைப் பக்கம் ஒரு காலனி. அப்பா கல் குவாரியில் இடுப்பில் கல் விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மா பெயர் அஞ்சலை, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பறிக்கவும் களை எடுக்கவும் போவார். பவித்ராவுக்கு எட்டு வயதாக இருந்தபோது அயர்லாந்தில் இருந்து ஒருவர் உதவ முன்வந்தார். மைக்கேல் என்று பெயர். ஆரம்பத்தில் அவர் கடிதங்களெல்லாம் மழை, நாய், தோட்டத்து உருளைக்கிழங்கு என்றே இருக்கும். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன்.

பவித்ராவுக்குப் பன்னிரண்டு தொடங்குகிற சமயம், கடிதத்தின் குணம் மாறியது. நாயைக் காணோம், உருளைக்கிழங்கைக் காணோம். "நீ இப்போது எவ்வளவு உயரம்? யாரையாவது சுவரில் கோடு போட்டு அளக்கச் சொல்" என்று ஒரு கடிதம். அடுத்ததில், "உன் பாதம் எவ்வளவு நீளம்? காகிதத்தில் கால் வைத்து வரைந்து அனுப்ப முடியுமா?" அதற்கடுத்ததை நான் இரண்டு தடவை படித்தேன். "அடுத்த போட்டோவில் வேறு யாரும் வேண்டாம். நீ மட்டும் இரு. முடியை இறுக்கிப் பின்னால் கட்டிக்கொள். பக்கவாட்டில் திரும்பி நில்." கடைசியில் ஒரு வரி: "இப்போதும் நீ அதே வீட்டில்தான் தூங்குகிறாயா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

எழுபது வயது ஆண் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் மூன்று கடிதத்தையும் பவித்ராவிடம் கொடுக்கவில்லை. ஃபைலில் வைத்துப் பூட்டினேன். நலம், படிக்கிறேன், நன்றி என்று வழக்கமான ஒரு பதிலை நானே அனுப்பினேன். மேலாளரிடம் சந்தேகத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் மேலிடத்துக்கு அனுப்பினார். அந்த ஊர் போலீஸ் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறது, ஒன்றும் குறையில்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. சான்றிதழ் என்பது ஒரு ஆள் இதுவரை மாட்டவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே மெயில் வந்தது. மைக்கேல் இந்தியாவுக்கு வருகிறார். பவித்ராவைப் பார்க்க வேண்டுமாம்.

என் மனசில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு சித்திரமே உருவாகிவிட்டது. சந்திப்பை வீட்டில் வைக்காமல், காலனியில் எங்கள் மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் வைத்தேன். கதவு திறந்தே இருக்க வேண்டும், அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும், நான் நடுவில் உட்கார வேண்டும் என்று மேலாளரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டேன். முதல் நாள் அஞ்சலையிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் வெளிறிப்போனது.

"ரொம்ப நேரம் பேசுவாரா மேடம்? அவளை இன்னா இன்னா கேப்பாரு?"

"என்ன கேட்டாலும் என் மூலமாத்தான் கேக்கணும். நீங்க பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

"அதுக்கில்ல மேடம்..." என்று இழுத்தார். பிறகு, "சரி, இட்டுக்கினு வர்றேன்" என்றார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு அந்த முகத்தை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மைக்கேல் வந்தார். என் சித்திரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள். கைத்தடி, ஓலைத்தொப்பி, வேர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டை. திண்டிவனத்திலிருந்து காரில் போகும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மயிலம் தாண்டியதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்கள் பவித்ராவை எத்தனை தடவை நேரில் பார்த்திருக்கிறீர்கள்?"

"பல தடவை" என்றேன் வெடுக்கென்று. பக்கத்திலிருந்த மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மைக்கேல் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உண்மையில் நான் எப்படிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? வருஷத்துக்கு ஒரு நாள் போட்டோ நாள். அந்தக் காலனியில் மட்டும் நாற்பது பிள்ளைகள். வரிசையில் நிற்பார்கள், பெயரும் எண்ணும் எழுதிய சிலேட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார்கள். நான் சிலேட்டைப் படிப்பேன், போட்டோ எடுப்பேன், பட்டியலில் டிக் போடுவேன். அடுத்த ஆள். அதைத்தான் பல தடவை பார்த்ததாகச் சொன்னேன்.

கூடத்தில் பெண் யூனிஃபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னி, அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மைக்கேல் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுத் தள்ளியே உட்கார்ந்தார். அதையும் நான் ஒரு தந்திரம் என்றே குறித்துக்கொண்டேன். கும்பிட்டார். நோட்டை நீட்டி, உன் பெயரை எழுதிக் காட்டுகிறாயா என்று கேட்டார். பெண் பென்சிலை எடுத்து, பவித்ரா என்று அழகாக எழுதினாள். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார்.

பிறகு பையில் கைவிட்டு ஒரு உறை எடுத்தார். நான் சட்டென்று கையை நீட்டித் தடுத்தேன். "முதலில் என்னிடம்" என்றேன். அவர் மறுப்பே சொல்லாமல் என்னிடமே கொடுத்தார்.

உள்ளே ஐந்து போட்டோக்கள். எல்லாம் நான் எடுத்தவை. கூடவே ஒரு பழைய கடிதம், என் கையெழுத்தில், என் இங்கிலீஷில். "நான் இடது கையால் எழுதுகிறேன் என்று டீச்சர் திட்டுகிறார். அம்மா விட்டுவிடச் சொல்கிறார்." ஒன்பது வயதுப் பவித்ரா எழுதியதை நான் மொழிபெயர்த்த வரி.

"முதல் மூன்று போட்டோவில் காதைப் பாருங்கள்" என்றார் மைக்கேல், மெல்ல.

வலது காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. தோடு போட்ட இடம் இழுபட்டுக் கிழிந்த மாதிரி. கடைசி இரண்டு போட்டோவில் முடி காதை மறைத்திருந்தது. கடைசிப் போட்டோவில் மட்டும் மறைப்பு கொஞ்சம் விலகி, கிழிசலே இல்லாத மடல் தெரிந்தது. நான் நிமிர்ந்து எதிரில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். காது முழுசாக இருந்தது. அவள் கையில் இன்னும் பென்சில் இருந்தது. வலது கை.

"எனக்குக் கோபமில்லை" என்றார் அவர். "இந்தக் குழந்தை யார், அந்தக் குழந்தை எங்கே என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

நான் அஞ்சலை பக்கம் திரும்பினேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க கால்ல வேணா விழறேன். சொல்லிப்புடாதீங்க. அவ இல்லன்னு தெரிஞ்சா பேரை அடிச்சிடுவாங்க. அவ அப்பா மருந்துக்கு நான் எங்க போவேன்?"

உங்களுக்கு விதி தெரியும். பிள்ளை படிப்பை விட்டாலோ ஊரை விட்டாலோ உதவி நின்றுபோகும். வாசலில் நின்ற மேலாளரும் நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டார். என்னைப் பார்த்து இலேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஒரு பிள்ளை போலி என்று வெளியே போனால் நாற்பது பிள்ளைகளின் கதி என்ன என்பது அவர் கவலை. அதுவும் பொய்யான கவலை இல்லை. அந்தக் கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நானும் அவரும்தான். மைக்கேல் பொறுமையாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: "காதைத் தைத்துவிட்டார்களாம். கையை ஸ்கூலில் மாற்றிவிட்டார்களாம்."

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! பத்து விநாடிகூட யோசிக்கவில்லை. மைக்கேல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது" என்றார். போட்டோக்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறையில் வைத்தார். எழுந்து அந்தப் பெண்ணிடம், "உன் கையெழுத்து அழகாக இருக்கிறது" என்றார். அதை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

கார் கிளம்பும்போது, பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி நான் இறங்கிக்கொண்டேன். அதுவரை ஒரு ஆண் மேலேயே இருந்த என் சந்தேகம் முதல் தடவையாக என்மேல் திரும்பியிருந்தது. இந்த ஆளிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற நான் கதவைத் திறந்துவைத்து, நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணே அங்கே இல்லை.

அஞ்சலை வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் புருஷன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பவித்ரா எங்கே?"

"பாண்டியில மேடம். ஒரு வூட்ல. குழந்தையைப் பார்த்துக்கினு இருக்கா. மூணு வேளை சோறு, அங்கயே ஸ்கூல்ல சேர்த்து வுட்றோம்னாங்க."

"போய் எவ்வளவு நாளாச்சு?"

"ஒன்றரை வருஷம் ஆவும்."

"கடைசியா எப்பப் பேசுனீங்க?"

கூடத்தில் பவித்ராவாக வந்து உட்கார்ந்திருந்த தங்கச்சிதான் பதில் சொன்னாள். அவள் பெயர் காவ்யா என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஒன்றரை வருஷமாக அவள் எழுதிய கடிதங்களை நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசும் மேடம். பொங்கலுக்கு அப்புறம் பேசல. கடைசியா பேசும்போது, 'அம்மாவை வரச்சொல்லுடி'ன்னுச்சு. யாரோ போனைப் புடுங்கிக்கினாங்க."

அஞ்சலை அழ ஆரம்பித்தார். வீட்டு விலாசம் அவருக்குத் தெரியாது. கூட்டிப்போய் விட்ட புரோக்கர் அம்மாள் பக்கத்து ஊர். கேட்டால், "நல்லாத்தான் இருக்கா, பேஜாரு பண்ணாத" என்று விரட்டியிருக்கிறார். அதற்கு மேல் கேட்டால், ஆள்மாறாட்டத்தை அலுவலகத்தில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். எங்கள் விதியை வைத்தே அந்தத் தாயின் வாயை அடைத்திருக்கிறார்.

நான் வெளியே வந்து மேலாளருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மேடம், அவர் நாளன்னைக்கு ஃபிளைட் ஏறிடட்டும். அதுவரைக்கும் ஜல்தி பண்ண வேணாம். அப்புறமா நாமளே நிதானமா பாத்துக்கலாம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் நிதானம் யாருக்கு நல்லது என்று யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கு நல்லது. புரோக்கருக்கு நல்லது. பாண்டி வீட்டுக்காரருக்கு நல்லது. நான் உள்ளே திரும்பிப் போனேன்.

"அம்மா, குழந்தைங்க உதவி எண்ணுக்கு இப்ப போன் பண்ணப்போறேன். உங்களையும் கேள்வி கேப்பாங்க. பேரையும் அடிச்சிடலாம். என்னால எதுக்கும் உறுதி சொல்ல முடியாது."

"வேணாம் மேடம்! குடும்பமே அழிஞ்சிடும்!" என்று அவர் கத்தினார். அப்போது கட்டிலில் இருந்தவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "பண்ணச் சொல்லு அஞ்சல. என் மருந்துக்குப் பொண்ண வுட்டுட்டுக் கீறோம்."

பண்ணினேன்.

மறுநாள் காலை உதவி மையத்துப் பெண்மணி ஒருவர், ஒரு போலீஸ்காரர், அஞ்சலை, நான். புரோக்கர் அம்மாள் போலீஸைப் பார்த்ததும் வீட்டைக் காட்ட ஒப்புக்கொண்டார். விழுப்புரம் மாவட்டத்து எல்லை தாண்டியதும், அந்தப் பக்கத்து ஆட்கள் வந்தால்தான் உள்ளே போக முடியும் என்று இரண்டு அலுவலகம் அலைய வேண்டியிருந்தது. அரை நாள் போய்விட்டது. அதற்குள் யாராவது போன் போட்டு அவளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால்? புரோக்கர் அம்மாள் முந்தானைக்குள் கை விடும்போதெல்லாம் நான் அந்தக் கையையே பார்த்தேன். கடைசியில் அவர் போனை வாங்கி நானே வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. வைத்துக்கொண்டேன்.

பெரிய கேட் போட்ட வீடு. வீட்டுக்காரர் நிதானமாகப் பேசினார். "எங்க சொந்தக்காரப் பொண்ணுங்க. லீவுக்கு வந்திருக்கா."

கூப்பிடச் சொன்னார்கள். வந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறி வெந்துபோயிருந்தது. பெயர் என்ன என்று உதவி மையத்துப் பெண்மணி கேட்டதும் அவள் முதலில் வீட்டுக்காரரைப் பார்த்தாள். நான் அவள் காதைப் பார்த்தேன். கிழிந்த மடல். முடி இல்லாததால் மறைக்க ஒன்றும் இல்லை.

அஞ்சலை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பவித்ராதான் கேட்டாள். "ஏம்மா இவ்ளோ நாளு?"

அந்தக் கேள்வியை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கு பதிவானது, இன்னும் நடக்கிறது. பவித்ரா கொஞ்ச நாள் காப்பகத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அஞ்சலை இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காப்பாற்றினேன் என்பதற்கும் காட்டிக்கொடுத்தேன் என்பதற்கும் நடுவில் எங்கோ என்னை வைத்திருக்கிறார். எனக்கு மெமோ வந்தது. மேலாளர் அனுமதியில்லாமல் புகார் கொடுத்ததற்கு. ஸ்பான்சரிடம் பொய் சொன்னதற்கு ஒரு மெமோவும் இல்லை.

அதை நானே பார்த்துக்கொண்டேன். மைக்கேலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அத்தனை வருஷத்தில் மற்றவர்கள் எழுதியதை மொழிபெயர்க்காமல், என் பெயரில் நானாக எழுதிய முதல் கடிதம். தைத்ததாகச் சொன்னது பொய், அந்த மூன்று கடிதங்களை நான் கொடுக்கவே இல்லை, உங்களைப் பற்றி இன்ன விதமாக நினைத்தேன் என்பது வரைக்கும் எழுதினேன். பதில் வர ஒரு மாதமானது. எனக்கு அதில் ஒரு பகுதி மனப்பாடம்.

"நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது சரிதான். அந்தக் கேள்விகளை என் பேத்தியிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நேராகக் கேட்க எனக்குத் தைரியமில்லை. இது வேறு குழந்தை என்று எழுதினால் உடனே உதவியை நிறுத்திவிடுவீர்கள் என்று தெரியும். அந்த இன்னொரு குழந்தையும் பசியோடு இருக்கிற குழந்தைதானே. அதனால் சுற்றி வளைத்துக் கேட்டேன். அப்படிக் கேட்டதில் ஒரு வருஷம் போய்விட்டது. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை."

எனக்கும்தான். அவர் என்னை நம்பியிருந்தால் நேராகக் கேட்டிருப்பார். நான் அவரை நம்பியிருந்தால் கேள்வியையாவது பவித்ரா வீட்டு வாசல்வரை கொண்டுபோயிருப்பேன். இரண்டு பேரும் கவனமாகத்தான் இருந்தோம். அந்தக் கவனத்துக்கு நடுவில் ஒரு பெண் பாண்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக, யாரையும் சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவரை முதலில் சந்தேகப்படுங்கள். கடிதம் எழுதுகிறவரைச் சந்தேகப்படும்போதே, உங்கள் கையில் இருக்கிற பட்டியலையும் சந்தேகப்படுங்கள் என்கிறேன்.

அந்த வருஷம் மீதி முப்பத்தொன்பது பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். சிலேட்டும் கேமராவும் எடுத்துப் போகவில்லை. இரண்டு பேர் இல்லை. ஒரு பையன் செங்கல் சூளையில். ஒரு பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில். விதியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன், மைக்கேலும் எழுதினார். பிள்ளையைக் காணவில்லை என்று குடும்பமே முன்வந்து சொன்னால் உதவி உடனே நிற்காது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்குக் கொடுத்த விதித்தாளில் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள். அதை அந்தக் குடும்பங்களுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.

இன்னொன்று. குழந்தையிடம் பெயரைக் கேட்காதீர்கள். பெயரைச் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். நான் கடைசியாகக் களத்துக்குப் போன வாரம், பொம்மையார்பாளையத்தில் ஒரு வீடு. மீன் விற்கிற அம்மா. பையன் எதிரில் வந்து நின்று, பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் கடகடவென்று ஒப்பித்தான். எல்லாம் ஃபைலில் இருந்தபடியே இருந்தது. "சரி, இந்த வூட்ல வேற யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"வேற யாருங்க, நாங்கதான்" என்றார் அந்த அம்மா. சொல்வதற்கு முன்னால், ஃபைலில் பெண்பிள்ளையே இல்லாத அந்த வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பாவாடையை அவர் கண் ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தது.

நான் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டு, கீழே நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.